பெட்டியில் வராத சரக்கு

2009 டிசம்பரில் 11 வருட சார்ஜா வேலையை முடித்துக்கொண்டு அஞ்சுகிராமம் வந்து இறங்கினேன். வாசலில் கூடியவர்கள் எல்லோர் கண்ணும் பெட்டி மேல்தான். "என்ன மக்கா கொண்டு வந்திருக்க?" என்று கேட்டபடியே பெரியம்மா கயிற்றை அவிழ்த்தாள். சோப்பு, சென்ட், பாதாம், பிள்ளைகளுக்குச் சாக்லேட், ஒரு கம்பளி. பத்து நிமிடத்தில் எல்லாம் பங்காகிவிட்டது. பெட்டியின் அடியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று மிஞ்சியது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாட்டா உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எடுத்துப் புரட்டியிருப்பார்.

இன்று எனக்கும் என் பட்டறையில் வேலை செய்யும் 9 பேருக்கும் சோறு போடுவது அந்த நோட்டில் இருந்த விஷயம்தான். ஆனால் இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடமும் சேமிப்பில் பாதிக்கு மேலும் செலவானது. வெளிநாட்டில் உழைத்தவர்கள் திரும்பி வந்து தொடங்கிய கடைகளை எங்கள் வட்டாரத்தில் 15 வருடமாகப் பார்த்துவருகிறேன். ஷட்டர் இறங்கிய கடைகளில் பணம் பற்றாமல் இறங்கியவை குறைவு. பணத்தோடு வந்து, தெரியாத தொழிலில் அதைப் போட்டு இறங்கியவையே அதிகம். வெளிநாட்டு வேலை ஊர்த் தொழிலாக எப்போது மாறுகிறது, ஏன் பல சமயம் மாறாமல் போகிறது என்பதை என் அனுபவத்தையும், பெரியவர்கள் வரலாற்றையும், ஆய்வாளர்கள் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

அஞ்சுகிராமம் குமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரம். நாகர்கோவில் சாலையும் கன்னியாகுமரியிலிருந்து கூடங்குளம் போகும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. கொஞ்ச தூரம் கிழக்கே போனால் திருநெல்வேலி மாவட்டம். மேற்கு நாஞ்சில் நாட்டின் வயலும் வாழையும் இங்கு வந்து சேரும்போது பனையும் காற்றுமாகிவிடும். சுற்றிலும் காத்தாடி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வந்தபோது எங்கள் பையன்கள் அதில் ஏறி இறங்கப் பழகினார்கள். கூடங்குளத்தில் 2002-இல் அணுமின் நிலையக் கட்டுமானம் தொடங்கியபோது வெல்டர்கள் 45 பாகை சாய்த்து வைத்த குழாயில் ‘6ஜி’ வெல்டிங் சோதனை செய்து காட்டினார்கள். மேற்கே மயிலாடியில் கல் செதுக்கும் உளிச்சத்தம் தலைமுறைகளாகக் கேட்கிறது. அந்தச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கைவேலைக்கு இங்கே பஞ்சமே இல்லை. நிலைத்த கூலி இல்லாததால்தான் ஆள் வெளியே போகிறது.

போவது இன்று நேற்றுப் பழக்கமும் இல்லை. 1840-களில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் பெருகியபோதே தென் திருவிதாங்கூரிலிருந்து ஆட்கள் போனார்கள். ஊரில் ஊழியமும் வரியும் தலைக்கு மேல் இருந்த காலம் அது. சாதியின் பெயரால் உடுக்கும் துணிக்கும் தடை இருந்த காலம். தோட்ட வேலை கடுமையானதுதான், ஆனாலும் கூலியைக் காசாக வாங்கியவர் திரும்பி வரும்போது நிமிர்ந்து வந்தார். லண்டன் மிஷன் வரலாற்றை ஆராய்ந்தவர்கள், இந்தப் பணம் அடித்தட்டு மக்களின் விடுதலைக்குக் கொடுத்த பலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் பழிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் பாட்டா தோட்டத்துக்குப் போகவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சாக்கு தூக்கும் பையனாகச் சேர்ந்து, கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்காரும் அளவுக்கு வந்தவர். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபின் அங்கே இருப்பு கஷ்டமாகி, கொஞ்ச வருடத்தில் ஊர் திரும்பினார். சின்னப் பலசரக்குக் கடை வைத்தார். சிவப்புத் துணி ஒட்டிய பேரேடு ஒன்று கல்லாப் பக்கத்தில் இருக்கும். சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். கூட்டல் நேராகும்வரை சாப்பிட எழும்ப மாட்டார். ஒரு நாள் ஆறு அணாவுக்காக ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருந்ததை அப்பா சொல்வார். கடன் வாங்குகிறவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் பேரேட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். கொழும்பிலிருந்து அவர் கொண்டுவந்த பணம் இரண்டு வருடத்தில் கரைந்தது. அந்தப் பேரேட்டுப் பழக்கம் கடையை 30 வருடம் நடத்தியது.

வளைகுடாவுக்கு வருவோம். 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. அங்கே சாலையும் துறைமுகமும் கட்டிடமும் எழுப்ப ஆள் தேவைப்பட்டது. கீழக்கரை பி.எஸ்.அப்துர் ரகுமான் பங்கெடுத்து துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனம் தொடங்கியதும் அதே 1973-இல்தான். தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேருக்கு அந்த மூன்றெழுத்துதான் வளைகுடாவின் வாசல். தமிழக அரசும் 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 2015-இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருப்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது.

நான் நாகர்கோவில் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். 1998-இல் ஒரு ஏஜென்ட் மூலம் போனேன். ஊரில் கையெழுத்துப் போட்ட தாளில் ஃபிட்டர் என்று இருந்தது. அங்கே இறங்கியதும் நீட்டிய தாளில் ஹெல்பர். சம்பளமும் கால்வாசி குறைவு. கட்டிய பணம் வட்டிக்கு வாங்கியது, திரும்ப வழியில்லை. தாளை மாற்றுவது என்னும் இந்த மோசடி உலகமெங்கும் புலம்பெயர் தொழிலாளர்கள் சுமக்கிற பாரம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசு அனுமதி பெறவேண்டும் என்கிறது. ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு உண்டு. இன்றும் இந்தத் தொகையை அறிந்து போகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு.

சார்ஜாப் பட்டறையில் குளிரூட்டிக் காற்று போகும் தகட்டுக் குழாய் செய்தோம். டக்ட் என்பார்கள். அங்கே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். வரைபடம் அலுவலக அறையில் இருக்கும், நமக்கு வருவது வெட்டும் அளவுப் பட்டியல் மட்டும். தகடு வெட்டுபவர் மடிப்பதில்லை. மடிப்பவர் சைட்டைப் பார்ப்பதில்லை. விலை போடுவது யார், வாடிக்கையாளரிடம் பேசுவது யார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. 20 வருடம் அங்கே இருந்துவிட்டு, ஒரு முழு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்காமலே திரும்பியவர்கள் உண்டு. கைத்திறனில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் தொழில் அந்தத் துண்டுகளுக்கு இடையிலுள்ள இணைப்பில் இருக்கிறது, அதைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை.

எனக்கு வாய்ப்பு ஒரு மனிதர் வழியாக வந்தது. யாழ்ப்பாணத்துப் பெரியவர், டிராஃப்ட்ஸ்மேன். தொழிலாளர் கேம்பில் பக்கத்து அறை. வெள்ளிக்கிழமை விடுமுறையில் எல்லோரும் துணி துவைக்கும் நேரத்தில் நான் அவரிடம் போய் உட்காருவேன். "தம்பி, தகடு வெட்டத் தெரியும் எண்டால் போதாது, ஏன் அப்பிடி வெட்டுறது எண்டு தெரியோணும்" என்று சொல்லி, பழைய செய்தித்தாளை விரித்து குழாய் திரும்பும் இடத்துக்கான எல்போ வரையக் கற்றுக்கொடுத்தார். வட்டக் குழாயின் வாயை 12 சம பாகமாகப் பிரிக்க வேண்டும். அதன் சுற்றளவை நேர்கோடாக நீட்டி, அதையும் 12 ஆக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய உயரத்தைப் பக்கத் தோற்றத்திலிருந்து எடுத்துக் குறித்துச் சேர்த்தால் அலைபோல ஒரு கோடு வரும். அந்தக் கோட்டில் வெட்டி, தாளைச் சுருட்டிப் பிடித்தார். சாய்வான வாய் அச்சாக உருவாகி நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று வருடமாக அந்த வளைகோட்டை அச்சு வைத்து வெட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அப்புறம் சதுர வாயிலிருந்து வட்ட வாய்க்கு மாறும் துண்டு. அப்புறம் ஒரு தகட்டில் எத்தனை துண்டு எடுக்கலாம், எவ்வளவு வீணாகும், ஆள்கூலி எத்தனை மணி. நீல நோட்டு நிறைந்தது. பட்டறையில் நானே கவனித்து எழுதியவையும் அதில் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் கார்டு இருக்கும், யார் தொட்டாலும் நேரமும் கையெழுத்தும் அதில் விழ வேண்டும். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் மஞ்சள் பெயின்டில் வரைந்திருப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து எல்லாம் மாட்டியபின் ஒரு மஞ்சள் உருவம் வெறுமையாகத் தெரிந்தால் யாரும் கேம்ப் பஸ்ஸில் ஏற முடியாது. கொழும்புப் பேரேட்டின் பேரப்பிள்ளை அந்தப் பலகை என்று எனக்குத் தோன்றும்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இதில்தான். அமீரக திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. நான் போனபோது ஒரு திர்ஹாமுக்குச் சுமார் 11 ரூபாய். 2013 வாக்கில் 16. 2023-இல் 22-ஐத் தாண்டியது. அங்கே சம்பளம் ஒரு திர்ஹாம்கூட ஏறாமல் இருந்தாலும் ஊருக்கு அனுப்பும் ரூபாய் ஏறிக்கொண்டே போகும். வீட்டில் உள்ளவர்கள் மகனுக்குச் சம்பளம் கூடுகிறது என்று நினைப்பார்கள். மகனும் அப்படியே நினைக்கத் தொடங்குவான். வேலையில் படி ஏறவில்லையே என்ற உறுத்தல் வராது. ரூபாயின் சரிவு நம் ஆட்களைப் பத்துப் பதினைந்து வருடம் ஒரே நாற்காலியில் தூங்க வைத்திருக்கிறது.

திரும்பியதும் நான் செய்த தப்பு அப்பட்டமானது. தெரிந்த தகட்டு வேலையை விட்டுவிட்டு, சிமென்டும் கம்பியும் விற்கும் கடை திறந்தேன். ‘கல்ஃப்காரன் தகடு தட்டுவதா’ என்று உறவினர் சொன்ன சொல் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. 11 வருடம் ஊரில் இல்லாதவனுக்கு எந்தக் கொத்தனார் நாணயமானவர், எந்த கான்ட்ராக்டர் நிலுவை வைத்து ஓடுபவர் என்று தெரியவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்தேன். பாட்டா சித்தப்பாவிடம் வாங்கிய கைநாட்டை நான் யாரிடமும் வாங்கவில்லை. 2012-இல் கடையை மூடினேன்.

பின்னால் படித்தபோது என் கதையை ஆய்வாளர்கள் முன்பே எழுதிவைத்திருப்பதைக் கண்டேன். எகிப்தைப் பற்றி ஜாக்லின் வாபாவும் இவ் ஜெனூவும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொல்கிறது. வெளிநாடு போய்த் திரும்பியவர் தொழில்முனைவோராகும் வாய்ப்பு, போகாதவரைவிட அதிகம். அதே சமயம் ஊரிலுள்ள தொடர்புகளை அவர் இழந்துவிடுகிறார். துனிசியாவைப் பற்றி 2004-இல் ஆலிஸ் மெனார் எழுதியது, வங்கிக் கடன் கிடைக்காதவருக்கு வெளிநாட்டுச் சேமிப்பே முதலாகிறது என்பது. இரண்டும் எங்கள் தெருவுக்குப் பொருந்தும். சேமிப்பு முதலாகிறது, உண்மை. அந்த முதலை எங்கே போடுவது என்று காட்ட வேண்டிய ஊர்ப் பழக்கம் அதற்குள் விட்டுப்போயிருக்கிறது.

ஒரு கல்யாண மண்டபச் சமையல்கூடம் என்னைத் தூக்கி விட்டது. பத்து அடுப்பு எரியும் இடத்தில் புகை வெளியே போக வழியில்லை, சமையல்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே சாம்பார் கொதிக்க வைத்தார்கள். அண்ணாச்சி ஒருவர், மண்டபத்தின் சொந்தக்காரர், "நீ அங்க காத்து போற குழாதான செஞ்ச, இதுக்கு ஒரு வழி பண்ணு" என்றார். நோட்டை எடுத்தேன். அடுப்புக்கு மேல் புகைக்கூண்டு, அங்கிருந்து சதுரம் வட்டமாக மாறும் துண்டு, இரண்டு எல்போ, வெளியே ஃபேன். செய்தித்தாளில் வரைந்து, வாடகைக்கு எடுத்த இடத்தில் வெட்டினேன். ஒரு தகடுகூட வீணாகவில்லை. அதற்குப் பிறகு ஓட்டல், பேக்கரி, மருத்துவமனை என்று வேலை வந்தது. பட்டறைச் சுவரில் மஞ்சள் உருவங்கள் வரைந்தேன். பையன்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை, தங்களை நம்பவில்லை என்று நினைத்தார்கள். கிரைண்டர் தேடி அலையும் அரை மணி நேரம் மிச்சமானதும் அவர்களே காவல் காக்கத் தொடங்கினார்கள்.

வேலை முடித்த பணம் வாங்குவதுதான் சிறு தொழிலில் பெரிய பாடு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி. தாமதித்த தொகையை அந்த வருடச் செலவில் கழிக்க முடியாது என்ற வருமான வரிப் பிரிவு 2024 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தபின் சிலர் நேரத்துக்குத் தருகிறார்கள். ஆனால் இதைக் கேட்க நம்மிடம் தாள் இருக்க வேண்டும். ஜாப் கார்டும் ஒப்புதல் கையெழுத்தும் இருந்ததால்தான் என்னால் கேட்க முடிந்தது.

கற்கவென்றே புறப்பட்டவர்கள் கதை வேறு மாதிரி. 1922-இல் சிவகாசியிலிருந்து சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போனது கூலிக்காக அல்ல, தீப்பெட்டி செய்யும் முறையைத் தெரிந்துகொள்ள. கந்தக பூமியில் ஒரு நகரத்தின் தலையெழுத்து அந்தப் பயணத்தால் மாறியது. எங்களுக்குப் பக்கத்து அழகப்பபுரத்து வி.ஜி.பன்னீர்தாஸ் சென்னையில் தவணை முறை விற்பனையைப் பெரிதாக வளர்த்தார். அவருடைய நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த அகஸ்தீஸ்வரம் வசந்தகுமார், அங்கே கற்றதை வைத்து 1978-இல் தனிக் கடை திறந்தார். ஒருவரிடம் சம்பளத்துக்கு நின்றபடியே முழுத் தொழிலையும் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்துச் சான்று எனக்குத் தெரியாது.

ஸ்ரீதர் வேம்பு பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி முடித்து, அமெரிக்காவில் வேலை பார்த்து, 1996-இல் தொடங்கிய நிறுவனம் இன்று ஜோஹோ. தென்காசி மத்தளம்பாறையில் அவர் குடியேறியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 2004 முதல் நடக்கும் அவர்களுடைய பள்ளி. பிளஸ் டூவும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுத் தருகிறார்கள். வெளியே கற்றது ஊரில் இன்னொருவர் கைக்கு மாறும் ஏற்பாடு அது. தைவான் இதையே நாடு முழுக்கச் செய்தது. 1980-இல் சின்ச்சு அறிவியல் பூங்காவை அமைத்துத் திரும்பி வருபவர்களுக்கு இடம் ஒதுக்கியது. அமெரிக்காவில் 25 வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மோரிஸ் சாங் 1987-இல் அங்கே டி.எஸ்.எம்.சி.யைத் தொடங்கினார். திறமையான ஆட்கள் தைவானில் மட்டும் பிறக்கவில்லை. வருகிறவர் என்ன தெரிந்து வருகிறார் என்று அந்த அரசு கேட்டது.

எல்லோரையும் ‘கற்றுக்கொண்டு வா’ என்று சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் கடற்கரை ஊர்களிலிருந்து ஈரானுக்கும் பஹ்ரைனுக்கும் மீன் பிடிக்கப் போகிறவர்கள் படகிலேயே குடியிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கிய ஏறக்குறைய 700 பேரை 2020 ஜூலை 1-ஆம் தேதி ஜலஷ்வா கப்பல் தூத்துக்குடியில் இறக்கியது. அவர்களில் குமரிக்காரர்கள் பலர். உயிரோடு வந்ததே பெரிது என்று இருந்தவர்களிடம் பாடம் பேசுவது அநியாயம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு வெள்ளிக்கிழமை கூடக் கிடைப்பதில்லை. அவர்களுக்கு ஓய்வு நாளும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் உரிமையும் முதலில் வேண்டும்.

என் அக்கா மகள் நர்ஸ். ஜெர்மனிக்குப் போக பி2 நிலை வரை மொழி படித்தாள். நர்சிங் படிப்பின் பாடத்திட்டத்தை மணிக்கணக்கு வரை பிரித்து அனுப்பச் சொன்னார்கள். எங்கே குறைகிறது என்று பார்த்து, அந்த அளவுக்குப் பயிற்சி கொடுத்து, அப்புறம்தான் முழு நர்சாக ஏற்றார்கள். அவள் போகும்போது அந்த நாடு அவள் திறமையை வரி வரியாக அளந்தது. நாளை அவள் திரும்பினால் இங்கே அளப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

இங்கும் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 ஜூனில் மத்திய அரசு, திரும்பி வந்தவர்களின் திறனைப் பதிய ‘ஸ்வதேஸ்’ என்ற திட்டம் கொண்டுவந்தது. தமிழகத்தில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம் தரும் ‘நீட்ஸ்’ திட்டம் 2012-13 முதல் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் அதன் வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 35, சிறப்புப் பிரிவினருக்கு 45. பின்னால் தளர்த்தினார்கள். 22 வயதில் போய் 40-இல் திரும்புகிறவர்கள் அந்தப் பழைய கணக்கில் எங்கே வருவார்கள்? கடன் கேட்டு நான் ஏறிய ஓர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரம் கேட்டார்கள், ஜாமீன் கேட்டார்கள், ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்டார்கள். 11 வருடம் என்ன வேலை செய்தாய் என்று கேட்கவில்லை. சார்ஜாவில் செய்ததைச் சொல்ல ஒரு கட்டம்கூட அந்தப் படிவத்தில் இல்லை. அந்தக் கட்டம் வர வேண்டும். அதில் எழுதியதைச் சோதித்து அறிய கோணம் ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் பணிமனையும் இருக்கிறது, ஆசிரியரும் இருக்கிறார்.

போன வாரம் என் பட்டறைப் பையன் ஒருவன் தோஹா விசா வந்துவிட்டது என்று சந்தோஷமாக வந்தான். மூன்று வருடம் என்னிடம் நின்றவன், எல்போ அவன் கைக்கு வரும். தாளை வாங்கி வரி வரியாகப் படித்தேன். வேலையின் பெயர் இருந்த இடத்தில் ஹெல்பர். "அண்ணாச்சி, அங்க போய் மாத்திக்கிடலாம்னு ஏஜென்ட் சொன்னாரு" என்றான். உட்கார வைத்து, 1998-இல் எனக்கு நீட்டிய தாளைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து ஏஜென்டுக்குக் கடிதம் எழுதினோம். டக்ட் ஃபேப்ரிகேட்டர் என்று திருத்தாமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம் என்று. திருத்திய தாள் இன்னும் வரவில்லை. நீல நோட்டை அவனிடம் கொடுத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய செய்தித்தாளை விரித்து, சதுரம் வட்டமாக மாறும் துண்டை அதிலிருந்து பார்த்து வரைந்துகொண்டிருக்கிறான்.